செப்டம்பரில் வந்துவிடுவேன்

அர்தேஷ் மலை
14 ஜூன் 1994

என் செல்ல லுதொவிக்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ் நிறுத்தத்தில் பண்ணைக்காரி ஆர்மெல் தானே வந்து நின்றாள். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். ஆடுகளையும் மலையையும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி: "மதாம், ஆட்டைக் கிட்டப்போய்ப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லைம்மா. இருபது வயசிலிருந்து பிஸ்கெட்தான் பார்த்தேன்."

"பிஸ்கெட் உதைக்காது" என்றாள்.

உன்னிடம் சொல்லாமல் வேலைக்கு எழுதிப்போட்டது தப்புதான். பிஸ்கெட் தொழிற்சாலையை மூடியபின் வசந்தகாலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேனே, அதைப் பார்த்தவன் நீ. கோடைக்கு ஆள் தேவை, அனுபவம் வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். செப்டம்பரில் வந்துவிடுவேன். சூப் உறைபெட்டியில் இருக்கிறது. வெள்ளைச் சட்டைகளைத் தனியாகத் துவை.

முத்தங்களுடன்,
அம்மா


நாந்த்
25 ஜூன்

அன்புள்ள அம்மா,

வெள்ளைச் சட்டைகளைத் தனியாகத்தான் துவைத்தேன். உன் சிவப்பு கைக்குட்டை எப்படி உள்ளே போனதோ தெரியவில்லை. இளஞ்சிவப்புச் சட்டையோடு கடைக்கு வேலைக்குப் போனேன். உதிரிபாகம் வாங்க வந்த மெக்கானிக் ஒருத்தன், "என்னப்பா, மாப்பிள்ளைக் கோலமா?" என்கிறான்.

சூப் தீர்ந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயதில் நீ ஏன் சாணி அள்ள வேண்டும் என்று அத்தை தொலைபேசியில் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? முதுகு வலித்தால் உடனே கிளம்பி வா. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

உன்,
லுதொ


அர்தேஷ்
10 ஜூலை

லுதொ கண்ணா,

முதுகு வலிக்கத்தான் செய்கிறது. வருவதாக இல்லை.

முதல் வாரம் பால் கறக்கவே வரவில்லை. ஆர்மெல் பக்கத்தில் நின்று, "காம்பை ரெண்டு விரலால தூக்கிப் பிடிக்கிறீங்களே மதாம், அதை டப்பாவிலயா அடுக்கப் போறீங்க?" என்று கத்துவாள். சீமாட்டி என்று ஒரு வெள்ளாடு. மந்தைக்கே மகாராணி. நிறைந்த வாளியை உதைத்து என் மடியில் கவிழ்த்தாள். ஆர்மெல் சிரித்தாள். நான் வாளியைக் கழுவிக்கொண்டு வந்து, அதே ஆட்டிடம் மறுபடி உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவளைக் கறப்பது நான்தான்.

காலையில் கறந்து முடித்து, தயிரை அகப்பையால் மொண்டு பாலாடைக்கட்டி அச்சுகளில் ஊற்றுகிறேன். பிறகு மந்தையைச் செஸ்ட்நட் மரத்தோப்புக்கு மேய்க்க ஓட்டிப்போகிறேன். இரவு படுத்தால் விடிந்துதான் கண் திறக்கிறது. தூக்க மாத்திரைப் பட்டையைப் பிரிக்கவே இல்லை.

அத்தையிடம் சொல், சாணி அள்ளுவது காலையில் கொஞ்ச நேரம்தான்.

அம்மா


நாந்த்
2 ஆகஸ்ட்

அம்மா,

நல்ல செய்தி. என் நண்பனின் அம்மா பள்ளிச் சமையலறையில் மேற்பார்வை பார்க்கிறாள். செப்டம்பரிலிருந்து அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டுமாம். உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். 22-ஆம் தேதி திங்கள்கிழமை நேரில் போய்ப் பார்த்தால் போதும், கிடைத்த மாதிரிதான். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். உட்கார்ந்து செய்யும் வேலையும் உண்டு.

இதற்காக எத்தனை பேரிடம் நின்றேன் தெரியுமா? உன் அறையில் ஜன்னல் திரையைத் துவைத்து மாட்டியிருக்கிறேன். சுருங்கிவிட்டது, ஆனால் சுத்தமாக இருக்கிறது.

லுதொ


அர்தேஷ்
9 ஆகஸ்ட்

என் லுதொ,

நீ எனக்காக அலைந்ததை நினைத்து நெஞ்சு நிறைந்தது. ஆனால் 22-ஆம் தேதி என்னால் வர முடியாது.

வியாழக்கிழமை ஆர்மெல் பாலாடைக்கட்டி அறையின் ஈரத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்த்தியிருக்கிறார்கள். "நான் வேற ஆள் பார்த்துக்கிறேன், நீங்க கிளம்புங்க மதாம், உங்க பையன் காத்துட்டிருப்பான்" என்றாள். இந்தப் பருவத்தில் யார் கிடைப்பார்கள்? மடியில் பால் கட்டினால் ஆடுகள் துடிக்கும். ஒருநாள் கறக்காமல் விட முடியாது.

"வாயை மூடிட்டு காலைத் தூக்கி வை" என்று சொல்லிவிட்டேன். நானா அப்படிப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம். இப்போது முழு மந்தையும் என் கையில். விரல்கள் வீங்கி, பேனாவைப் பிடிக்கச் சிரமமாக இருக்கிறது. அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

அந்த அம்மாளிடம் என் நன்றியைச் சொல்.

அம்மா


நாந்த்
13 ஆகஸ்ட்

அம்மா,

முன்பின் தெரியாத ஒருத்தியின் கணுக்காலுக்காக நிரந்தர வேலையை விடுவாயா? வருகிற சனிக்கிழமை காரில் வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

லுதொவிக்


அர்தேஷ்
23 ஆகஸ்ட்

லுதொவிக்,

நீ பத்திரமாக வீடு சேர்ந்தாயா என்று தெரியாமல் மூன்று நாளாகத் தவிக்கிறேன். சாப்பிடாமல் போய்விட்டாய்.

முற்றத்தில் நின்று, "உங்க ஆட்டுக்கு எங்க அம்மா வேலைக்காரியா?" என்று ஆர்மெலைக் கேட்டாயே. அவள், "உங்க சட்டைக்கு மட்டும் வேலைக்காரியா இருக்கலாமா தம்பி?" என்றாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் உன் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்தாய். என்னால் முடியவில்லை. அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான், அதை அவளிடமும் சொன்னேன். ஆனால் அது பொய் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

உன் அப்பா போனபிறகு உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நினைத்தேன். உனக்கு இருபத்தேழு வயதாகும்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். உன்மேல் தப்பில்லை. நிறுத்த எனக்குத்தான் தெரியவில்லை.

ஆர்மெல் குளிர்காலத்துக்கும் இருக்கச் சொல்கிறாள். பிப்ரவரியில் ஆடுகள் குட்டி போடும். சரி என்று சொல்லிவிட்டேன். செப்டம்பரில் நான் வரவில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம் அக்டோபரோடு முடிகிறது. உனக்கு வேண்டுமானால் உன் பெயருக்கு மாற்றிக்கொள், வேண்டாமென்றால் விட்டுவிடு. இதில் என் மனம் மாறாது. அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், அதற்காகவும் மாறாது.

ஒரே ஒரு வரி எழுது.

உன் அம்மா,
ஜினெத்


நாந்த்
18 செப்டம்பர்

அம்மா,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன், மன்னித்துவிடு. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டை என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன். உன் அறைக்குக் கடையில் கூட வேலை செய்யும் மத்தியாஸ் வருகிறான். அவனுக்குச் சமைக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. அதனால் பாத்திரம் கழுவுவது என் பங்கு. ஆர்மெலிடம் சொல், சட்டையை நானே தேய்க்கிறேன். காலர் மட்டும் சரியாக வருவதில்லை.

அன்றைக்கு நான் நேரே போய்விடவில்லை. கண் கலங்கி ரோடு தெரியவில்லை, கீழ்வளைவில் வண்டியை நிறுத்திவிட்டேன். மேலே நீ மந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். யாரோ பக்கத்துப் பண்ணைக்காரி என்றுதான் முதலில் நினைத்தேன். நம் வீட்டில் நீ தும்முவதுகூட மாடிக்குக் கேட்காமல் துண்டில் தும்முவாய். உனக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது, அம்மா. மலை முழுக்கக் கேட்டது. ஆடுகள் நாலா பக்கமிருந்தும் ஓடி வந்தன.

நீ "வா, வா" என்று கூப்பிட்டது அவற்றைத்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நிமிஷம் கார் கதவைத் திறந்துவிட்டேன்.

உன் மகன்,
லுதொவிக்