வடக்கே என்று சொன்னாய், தெற்கே வந்தார்கள்

பாசமுள்ள லூர்து அண்ணே,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். நீ இருந்தவரை அதற்குத் தேவையே வந்ததில்லை. "ஏளா, நீ மைக் இல்லாமப் பேசினாலே மாலத்தீவு வரைக்கும் கேக்கும்" என்று கேலி பண்ணுவாய். இப்போது நீ இருக்கிற இடத்துக்கு என் சத்தம் எட்டுமோ எட்டாதோ, அதனால் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. மதினி ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். சாயர்புரத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவளை மதினி என்று கூப்பிட வைத்தவன் நீ, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் அப்படியே உன் மூஞ்சி. வாசல் கதவு புதுசு. பழைய கதவு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நம் தருவைகுளத்து வலைப் படகுகள் போனால் பல நாள் கடலிலேயே கிடக்கும். தினமும் சாயங்காலம் கோயில் மணி அடித்து முடிந்ததும் ஒவ்வொரு படகும் ஒயர்லெஸ் மைக்கில் கரையோடு பேசும். கரையில் அந்த மைக் இருந்தது ஐஸ் கம்பெனி அண்ணாச்சியின் அறையில். பெண்கள் எல்லோரும் போட்டது போட்டபடி அங்கே ஓடுவோம். புருஷன் குரல் கேட்டதும் ஒவ்வொருத்தி முகமும் மாறுவதைப் பார்க்கவேண்டும்.

ஆனால் மைக்கில் பேசுவதை மற்றப் படகுகளும் கேட்கும். அதனால் எந்த டிரைவரும் வலை விட்டிருக்கிற இடத்தை உள்ளபடி சொல்வதில்லை. "உண்மையச் சொன்னா விடியுமுன்ன நம்ம வலை மேல நாலு வலை கெடக்கும்ளா" என்பாய். அப்படியென்றால் காற்றும் கடலும் கெட்டுப்போகிற நாளில் எங்கே வந்து தேடுவது? அதற்கும் நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். கிளம்புகிற அன்று, ஐஸ் ஏற்றி முடித்ததும், உண்மையான இடத்தை அண்ணாச்சியின் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போவீர்கள். ஊருக்குப் பொய், அந்த ஒரு காதுக்கு உண்மை. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

கடைசியாகப் போன அன்று சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு நான்தான் வந்தேன். நீ குனிந்து அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் உன் தோளைத் தட்டி, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் மைக்கில் உன் குரல். "வடக்க, வேம்பாருக்கு நேர் வெளிய கெடக்கோம், சீலா மீன் நல்லாப் படுது." மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "புளுகுதாவ. புளுகும்போதுதான் இப்படி அழுத்திச் சொல்லுவாவ" என்றாள். அறையில் எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார். நீ கிடந்தது தெற்கே, மணப்பாட்டுக்கு வெளியே.

பொழுது விடியும் நேரம், எல்லோர் கையும் வலையில் இருக்கும்போது வந்தார்கள். இரண்டு ஃபைபர் வள்ளம். முகத்தில் துண்டு, கையில் அரிவாளும் இரும்புக் கம்பியும். வந்ததும் மைக் ஒயரைத்தான் முதலில் அறுத்தார்களாம். ஜி.பி.எஸ்ஸைப் பிடுங்கினார்கள், பாதி இழுத்த வலையை வெட்டி எடுத்தார்கள். உன் படகில் கூட வந்த டென்னிஸை மண்டையில் அடித்துக் கீழே தள்ளி, ஒருவன் அவன் கழுத்தில் காலை வைத்து மிதித்துக்கொண்டான். மற்றவர்களையும் குப்புறத் தள்ளி அமுக்கினார்கள், அதனால் அவன் உட்பட யாருக்கும் பார்க்க முடியவில்லை. காதில் விழுந்ததைத்தான் சொன்னான்.

"லூர்து, ஒதுங்குலே" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். நடுக்கடலில், முகத்தை மூடிக்கொண்டு வந்தவனுக்கு உன் பெயர் தெரிந்திருக்கிறது. நீ ஒதுங்குகிற ஆளா? அவன் முகத்துத் துண்டைப் பிடித்து இழுத்திருப்பாய். பிறகு உன் குரல், "ஏலே, நீயா?" அவ்வளவுதான். உன் உடம்பில் ஒரு வெட்டு தோளில். இன்னொன்று கழுத்தில். நீ வலை மேலேயே விழுந்தாய். விழுந்த பிறகும் வெட்டினார்களாம். என்ஜினை அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள்.

வேறு படகு பார்த்துக் கட்டி இழுத்து வருவதற்குள் உன் உடம்பு கெட்டுவிடக்கூடாது என்று டென்னிஸும் மற்றவர்களும் உன்னை மீன் அறைக்குள் இறக்கிவிட்டார்கள். அண்ணாச்சி விற்ற ஐஸின் மேல் படுத்துத்தான் நீ வீட்டுக்கு வந்தாய். உன் தலைமுடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் சொட்டியது. மதினி அதை முந்தானையில் பிழிந்தாள். என்னால் இதற்கு மேல் எழுத முடியாது.

அடக்கத்தில் உன் பெட்டியைத் தூக்கியவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். "சமுத்திரத்துல போய் யாரத் தேட?" என்று அழுதார். முன்பும் படகுகளில் ஜி.பி.எஸ்ஸும் வலையும் பறிபோயிருக்கின்றன. பறிகொடுத்தவர்கள் அவரிடம்தான் ஓடுவார்கள். அவர் யாருக்கோ போன் போட்டு, எதையோ பேசி, பாதி விலைக்குத் திரும்ப வாங்கித் தருவார். கும்பிட்டு வாங்கிக்கொண்டு வருவோம். திருடனிடம் இவருக்கு எப்படிப் பழக்கம் என்று ஒருத்தராவது கேட்டோமா?

நான் வேலை பார்க்கிற கப்பல் ஏஜென்சி உனக்குத் தெரியும். அரபிக்கடல் தாண்டுகிற பெரிய கப்பல்களுக்குத் துப்பாக்கி பிடித்த காவலுக்கு ஏற்பாடு செய்வோம், கொள்ளையர் ஏறாமல் கப்பலைச் சுற்றிக் கட்டுகிற முள்கம்பிச் சுருள் வாங்கிக் கொடுப்போம். உன் படகில் இருந்ததெல்லாம் ஜெபமாலையும் மீன் வெட்டுகிற கத்தியும். கடல் கொள்ளையைத் தடுப்பது பற்றித் துறைமுகத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டபோது எங்கள் ஆபீசையும் கூப்பிட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ரோந்துப் படகு வேண்டும், கேமரா வேண்டும் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. சுவரில் வரைபடம், கொள்ளை நடந்த இடங்களில் சிவப்புப் புள்ளி. உன் புள்ளி மணப்பாட்டுக்கு வெளியே.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கைக் கேட்டு வந்திருந்தால் வேம்பாருக்கல்லவா போயிருப்பார்கள்? வடக்கே என்று ஊருக்குச் சொன்னாய், தெற்கே வந்தார்கள். டென்னிஸுக்கே கடலில் இறங்கிய பிறகுதான் இடம் தெரியும். கரையில் தெரிந்தது ஒரே ஒரு காதுக்கு.

அண்ணாச்சி பெயரைச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. ஆனால் எழுந்துவிட்டேன். "சார், கடல்ல தேடாதீங்க. கொள்ளைக்காரன் என்ன மீனா, கடல்லயே குடியிருக்க? டீசல் எங்க போடுதான்? திருடுனத எங்க விக்கான்? எந்தப் படகு எங்க கெடக்குன்னு எவன் சொல்லுதான்? அம்புட்டும் கரையிலதான் இருக்கு." யாரோ சிரித்தார்கள். ஓர் அம்மா, போலீஸ் இன்ஸ்பெக்டர், சிரிக்கவில்லை. படிக்கட்டில் என் பின்னாலேயே வந்து, "உக்காந்து பேசலாமா?" என்று கேட்டார்.

நான் பேசியது எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வாரமே பெட்ரோல் நிரப்பிய பாட்டில் நம் வாசலில் வந்து வெடித்தது. கதவு எரிந்தது. உன் மகளின் சடை கருகியது. மதினி கையாலேயே அடித்து அணைத்தாள். மாப்பிள்ளையூரணி டீக்கடையில் வைத்து டென்னிஸை வெட்டினார்கள். தலைக்கு வந்ததைக் கையால் தடுத்திருக்கிறான், வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்க்காமல், "யக்கா, என்னைய விட்டுருங்க" என்றான். எனக்கும் பயம்தான் அண்ணே. பஸ்ஸில் பின்னால் யாராவது ஏறினால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவேன்.

மதினி மட்டும் பயப்படவில்லை. நான் அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னதும் ஐஸ் உடைக்கிற மரச்சுத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் கட்டிப்பிடித்து மறித்தேன். என் கையைக் கடித்தாள், தழும்பு இருக்கிறது. "அந்தாள் மண்டைய உடைக்காம எனக்குச் சோறு எறங்காது ரெஜினா" என்று கத்தினாள். "மண்டைய உடைச்சா அவரு தியாகி ஆயிருவாரு, நீ ஜெயிலுக்குப் போவ. அந்த ஒரு காத மட்டும் பிடிப்போம்" என்றேன். ராத்திரி முழுக்க அவள் சுத்தியைக் கீழே வைக்கவில்லை.

கையில் கட்டோடு டென்னிஸ் தானாகவே வந்தான். வெட்டிய பிறகும் வீட்டு வாசலில் வந்து மிரட்டியிருக்கிறார்கள். "பயந்தாலும் வெட்டுதானுவ, பயப்படாட்டாலும் வெட்டுதானுவ. என்ன செய்யணும், சொல்லுங்க" என்றான். இன்ஸ்பெக்டரம்மா சொன்னதை நாங்கள் செய்தோம். மதினியும் டென்னிஸும் ஐஸ் கம்பெனிக்குப் போய் அண்ணாச்சி காலில் விழுந்தார்கள். "அண்ணாச்சி, அவ வாய்க்கொழுப்புல என்னவோ பேசிட்டா. நீங்கதான் எங்களக் காப்பாத்தணும்" என்று மதினி சொன்னாள். உன்னைக் கொன்றவரின் காலைத் தொட்டாள் அண்ணே. வீட்டுக்கு வந்து தோல் உரிகிற மாதிரி கையைக் கழுவினாள்.

அவர் மனம் குளிர்ந்துபோனார். உன் படகைச் சரிபண்ண அவரே ஆள் அனுப்பினார். டென்னிஸ் டிரைவராக ஏறினான். ஐஸ் ஏற்றி முடித்ததும் வழக்கப்படி குனிந்து அவர் காதில் இடத்தைச் சொன்னான். போலீஸிடம் சொன்னதைத் தவிர, எனக்கோ மதினிக்கோகூட அவன் அதைச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் மைக்கில் வேறு இடத்தைச் சொன்னான், நீ சொல்வதைப் போலவே அழுத்தி. யாரும் சிரிக்கவில்லை.

படகின் மீன் அறையில், நீ படுத்து வந்த அதே இடத்தில், துப்பாக்கியோடு போலீஸ்காரர்கள் ஐஸின் மேல் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். விடிகிற நேரம் வள்ளங்கள் காதில் சொன்ன இடத்துக்கே வந்தன. அரிவாளோடு தாவி ஏறினவர்கள் மீன் அறை மூடி திறந்ததும் குழம்பிப்போனார்கள். ஒருவன் போலீஸ்காரரின் தோளில் வெட்டினான், அவன் தொடையில் சுட்டார்கள். ஒருவன் கடலில் குதித்தான், வள்ளத்தின் என்ஜின் விசிறியில் சிக்கிச் செத்தான். அவனுக்காக நான் ஜெபிக்கவில்லை. டென்னிஸ் இடது கையால் கம்பியை ஓங்கி ஒருவனின் முட்டியை உடைத்து, முகத்துத் துண்டைப் பிடுங்கினான். ஐஸ் கம்பெனி லாரி ஓட்டுகிறவன். உன் மகளை எத்தனை தடவை லாரியில் ஏற்றிச் சுற்றிக்காட்டியிருக்கிறான்! நீ "ஏலே, நீயா?" என்று கேட்டது அவனைத்தான்.

அவன் வாயைத் திறந்ததும் மீதி வெளியே வந்தது. மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கி, புதுப் பெயிண்ட் அடித்த என்ஜின்கள், மலைபோல வலை. உன் ஜி.பி.எஸ்ஸும் அங்கே கிடந்தது, உன் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கூட உரியாமல். அதற்குப் பிறகு நம் படகு ஒன்றைக்கூட எவனும் தொடவில்லை. இத்தனைக்கும் கடலில் ஒரு ரோந்துப் படகு கூடுதலாக வரவில்லை அண்ணே. கரையில் ஒருவரைப் பிடித்து, ஓர் அறையைப் பூட்டினார்கள், அவ்வளவுதான்.

மைக் இப்போது நம் வீட்டில். சாயங்காலம் பெண்கள் இங்கேதான் கூடுகிறார்கள். டிரைவர்கள் உண்மையான இடத்தை இப்போது அவரவர் பெண்டாட்டி காதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இது ஏன் நமக்கு முதலிலேயே தோன்றவில்லை?

அண்ணாச்சி ஜாமீனில் வந்துவிட்டார். கோயிலில் முன்வரிசையில்தான் உட்காருகிறார், பாதி ஊர் இன்னும் கும்பிடுகிறது. நாளைக்குக் கோர்ட்டில் என் சாட்சி. நீ அவர் காதில் சொன்னதைப் பார்த்ததும் நான், மைக்கில் நீ வேறு இடம் சொன்னதைக் கேட்டதும் நான். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. நேற்று மார்க்கெட்டில் அவருடைய அக்காள் மகன் வழி மறித்தான். சீலா அறுக்கிற கத்தியை எடுத்து என் உதட்டில் வைத்தான். "நாக்கு ரொம்ப நீளுது. கூண்டுல ஏறுன, வேரோட அறுத்துருவேன்" என்றான். உதட்டில் கீறி ரத்தம் வந்தது. சுற்றி நின்றவர்கள் தராசைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். இப்போதும் எழுத எழுத அந்த இடம் எரிகிறது.

ஆனாலும் போவேன் அண்ணே. மதினி பக்கத்தில் இருப்பாள், டென்னிஸ் இருப்பான். கூண்டில் மைக் வைத்திருப்பார்களோ என்னவோ, எனக்கு அது வேண்டாம். கோர்ட் வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்: என் அண்ணன் வடக்கே என்று ஊருக்குச் சொன்னான், தெற்கே என்று இவர் காதில் மட்டும் சொன்னான். அறுக்கிறவன் அதற்குப் பிறகு வந்து அறுத்துக்கொள்ளட்டும். சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லி முடித்திருப்பேன். நீயும் காதைக் கொடுத்துக் கேள், மாலத்தீவு வரைக்கும் கேட்கும்.

உன் வாயாடித் தங்கச்சி,
ரெஜினா