பதிலை வெட்டிவிட்டார்கள்

அன்புள்ள நம் மகளின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; கை வரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீங்களும் போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிடுவீர்கள். அதனால்தான் அங்கே வருகிற உங்கள் கல்லூரி நண்பர் கையில் இந்தக் கடிதம்.

வெளிநாடு போகுமுன் பள்ளிவாசல் மாடியில் பேசினீர்களே, அதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். "விஞ்ஞானம் எல்லாவற்றையும் விளக்கிவிட்ட பிறகு வேதம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கிற இடம் மட்டும் ஊர் முழுக்கப் போனில் சுற்றுகிறது. பதிலை வெட்டிவிட்டார்கள். எதிராளியின் வாதத்தை அவனே கைதட்டும்படி முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் மறுக்க வேண்டும், அதுதான் நம் பழைய தத்துவ அறிஞர்களின் முறை என்பீர்கள். அவர்கள் காலத்தில் புத்தகத்தைக் கடைசிவரை படித்தார்கள். இப்போது யாருக்கு அந்தப் பொறுமை? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா நீங்கள்!

உங்கள் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் என் சலாமுக்குப் பதில்கூடச் சொல்லவில்லை. மகளிடம் வகுப்பில், "உங்க அத்தா இன்னும் தொழுவாரா?" என்று கேட்டார்களாம். நேற்று வாசல் விளக்கை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பைக் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவைத் தாழ்போடுகிறேன். ஜமாஅத் தலைவர் வந்திருந்தார், நல்ல மனிதர்தான். "அவரு வந்து வெள்ளிக்கிழமை மிச்சத்தையும் சொல்லட்டும்மா, எல்லாம் அடங்கிடும்" என்றார்.

அந்த மிச்சம் நம் வீட்டிலேயே இருக்கிறது. மகள் முழுப் பேச்சையும் வீடியோவாகப் பதிவு செய்திருந்தாள். எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். அனுப்பவில்லை. கேள்வி கேட்கும்போது உங்கள் குரல் கணீரென்று இருக்கிறது. பதில் சொல்லும் இடம் வந்ததும் இருமுகிறீர்கள், தண்ணீர் கேட்கிறீர்கள், காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறீர்கள். மனதில் இருப்பதை நீங்கள் காகிதம் பார்த்துச் சொல்லி நான் கண்டதே இல்லை. விளக்கை உடைத்தவர்களைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போதைக்கு டிக்கெட் போடாதீர்கள். ஊருக்கான பதிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எனக்கு எழுதுங்கள். உங்களுக்கே பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். யாரிடமும் மூச்சுவிட மாட்டேன். உங்களை விட்டுப் போகவும் மாட்டேன்.

ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கையேந்துகிறேன். அல்லாஹ் உங்களைக் காப்பானாக. நீங்களும் எனக்காக ஒருமுறை கையேந்துங்கள். ஏந்தினேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் வீட்டுக்காரி