மேவிஸ் வீட்டுக்குள் போகிற எல்லைக்கோடு

ஏப்ரல் 23, வியாழன்

புதுப் போதகரம்மா வந்தாள். மே மாதம் எல்லாரும் கம்பால் எல்லைக்கற்களைத் தட்டிக்கொண்டு திருச்சபை எல்லையைச் சுற்றி நடப்போமே, அதில் இந்த வருஷம் ஒரு மாற்றமாம். மேவிஸ் தர்ல்பியின் புதுச் சமையலறை கோட்டின் மேலேயே எழும்பிவிட்டது. அங்கே மட்டும் ரோட்டு வழியாகச் சுற்றிப் போகலாமாம்.

"சுத்திப் போனா அவ வீட்டுப் பக்கத்துல இருக்கிற ஊத்து எல்லைக்கு வெளியே போயிடும்" என்றேன்.

"யாரு எடுத்துக்கப் போறாங்க, ஹெஸ்டரம்மா?"

யாரா? பக்கத்துத் திருச்சபை அப்பர் ஆர்ஸ்டன்காரர்கள்தான். நாம் நடந்தால்தானே நம் எல்லை? என் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்த தண்ணீர் அது. கோடு வீட்டுக்குள் போனால் நாமும் உள்ளே போக வேண்டியதுதான். 1958இல் கோட்டின் மேல் நின்ற மதுக்கடையின் ஜன்னலில் ஏறிக் குதித்தோம், போதகர் உட்பட.

ஏப்ரல் 24

மேவிஸிடம் என்னையே கேட்கச் சொல்கிறாள் போதகரம்மா. நானா? என் மகள் கல்யாணத்துக்கு நான் பலிபீடத்தில் வைத்த பட்டாணிப் பூவைப் பிடுங்கிவிட்டுத் தன் தோட்டத்து டாலியாவைச் செருகினவள். 1979, ஆகஸ்ட், சனிக்கிழமை.

ஏப்ரல் 29

போதகரம்மாவே போய்க் கேட்டாளாம். "வேணும்னா ஹெஸ்டரே வந்து கேக்கட்டும்" என்றாளாம் மேவிஸ்.

கேட்க மாட்டேன்.

மே 2, சனி

ஊற்றுப் பக்கம் போனேன். அப்பர் ஆர்ஸ்டன் ஆள் ஒருவன் பெஞ்சு போட அளந்துகொண்டிருந்தான். பெஞ்சு — நம் ஊற்றங்கரையில்! நேராகப் போய் மேவிஸ் வீட்டு மணியை அடித்தேன்.

"யாரு செத்தாங்க?" என்றாள் கதவைத் திறந்தவள்.

"யாரும் சாகல. உன் சமையக்கட்டு வழியா நடக்கணும்."

"இத்தனை வருஷம் கழிச்சு வர்றே, வந்ததும் சமையக்கட்டா?"

"அவனுங்க ஊத்துல பெஞ்சு போடுறானுங்கடி."

எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "எல்லாரும் பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் வரணும். போதகரம்மாவும்தான்."

பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் மறந்துவிடவில்லை.

மே 10, ஞாயிறு

ஊரே காலுறையோடு, சங்கீதம் பாடிக்கொண்டு, மேவிஸின் சமையலறைக்குள். கோடு பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே ஜன்னல் வழியாக வெளியேறுகிறது. முக்காலி போட்டு ஏறினேன். பாதியில் மாட்டிக்கொண்டேன்.

மேவிஸ் பின்னாலிருந்து தள்ளினாள். "மூச்சை இழுடி. உன் பூவு அன்னிக்கு வாடிப் போயிருந்துச்சு."

"வாடல."

"தொங்கிடுச்சு. கல்யாணப் பொண்ணு பாத்தா அழுதிருப்பா. எடுத்தேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ கேக்கிற ஆளா? இழு மூச்சை."

பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. பாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. அதில்தான் வயிறு ஒடுங்கி வெளியே விழுந்தேன்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களைத் தலைகீழாகத் தூக்கி, ஊற்றங்கரை எல்லைக்கல்லில் தலையை மெல்ல முட்டுவது வழக்கம். போதகரம்மாவை முட்டினோம். ஒரு கால் நான், ஒரு கால் மேவிஸ். அப்பர் ஆர்ஸ்டன்காரன் வேடிக்கை பார்த்துவிட்டு, போடக் கொண்டுவந்திருந்த பெஞ்சைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

மே 14

மழை. முழங்கால் இன்னும் வலிக்கிறது. மேவிஸ் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகவே போனேன். தட்டவில்லை. இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தாள்.