சாக்ஸ் சுற்றிய கரண்டி

நேற்று உன் அம்மா கோச்சடையிலிருந்து ஆட்டோ பிடித்து எங்கள் தொலைக்காட்சி அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு துணிப்பையை நீட்டினார். "அவன் மைக்கு. அலமாரியத் தொறந்தா இதான் முன்னால நிக்குது. நீயே வச்சுக்க தம்பி."

பைக்குள் அந்தக் குழம்புக் கரண்டி. தலையில் நாம் சுற்றிய பள்ளிக்கூடக் கறுப்பு சாக்ஸ் அப்படியே இருந்தது. ரப்பர் பேண்டுகள் இளகி அதோடு ஒட்டிப்போயிருந்தன. முகர்ந்து பார்த்தேன். பேட்டி கொடுக்க வந்தவர்களை இரண்டடி பின்வாங்க வைத்த நாற்றம் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அதுவும் செத்துவிட்டது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளி நம்மைப் பிளஸ் ஒன்னில் ஊடகவியல் பிரிவில் போட்டது. டாக்டராக முடியாதவர்களுக்கு வணிகவியல்; அதற்கும் ஆகாதவர்கள் பதினொரு பேர், நாம். "மீடியாவா? அது படிக்கிறதா, பாக்குறதாடா?" என்று என் அப்பா கேட்டார். மீடியா லேப் என்று பலகை மாட்டிய அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அது கெட்டுவிடக் கூடாதென்று அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். மைக் கிடையாது. கரண்டி உன் வீட்டிலிருந்து வந்தது, சாக்ஸ் என் காலிலிருந்து. ஒரு வாரம் கழித்து உன் அம்மா கண்டுபிடித்தார். "வீடு பூராம் கரண்டியத் தேடிக்கிட்டு இருக்கேன், நீங்க அதுல பேட்டி எடுக்குறீகளா?"

செய்தி என்றால் ஆறு கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும் என்றது பாடப்புத்தகம். நீ முதல் கேள்வியோடு நின்றுகொண்டாய். "யாருன்னு கேளு மாப்ள மொதல்ல. பேரே தெரியாம எவன் கதைய எழுதப்போற?" வெங்காய விலை பற்றிக் கேட்க சிம்மக்கல் போனபோது, மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரிடம் பெயர், அப்பா பெயர், ஊர், தெரு எல்லாம் கேட்டாய். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "எம் மேல கேஸு எதுவும் போட்டுருக்காகளா தம்பி?" என்றார். விலையைக் கேட்க மறந்துவிட்டோம்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராக ஐந்து நிமிடப் படம் எடுக்க வேண்டும். நாம் வைகையை எடுத்தோம். ஆற்றில் கழிவுநீர் கொட்டும் குழாய் ஒன்றைக் கண்டாய். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அதன் பின்னாலேயே நடந்தாய், நான் கரண்டியோடு உன் பின்னால் நடந்தேன். குழாய் நம் பள்ளி விடுதியின் சுற்றுச்சுவருக்குள் போய் முடிந்தது.

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. "நல்லா எடுத்திருக்கீங்க. குழாய எடுத்துட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றார். ஆற்றிலிருந்து அல்ல, படத்திலிருந்து. வெட்டாவிட்டால் படம் தேர்வாளரிடம் போகாது.

படிக்கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் நீ எழுந்து, "குழாய வெட்டுனா எம் பேரையும் வெட்டிருடா" என்றாய். கோபத்தில் சொன்னது. எனக்கும் தெரியும். நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். குழாய் இருந்த இடத்தில் நாரைகளைப் போட்டேன். தயாரிப்பு, இயக்கம் என்று என் பெயரை மட்டும் போட்டேன். எனக்கு முழு மதிப்பெண். உனக்குச் செய்முறையில் பூஜ்யம், அடுத்த வருடம் மறுபடி எழுதினாய். அதைப் பற்றி நீ என்னிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை. அது மன்னிப்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் கல்லூரி முடித்து இந்தச் சானலில் திரைக்குக் கீழே ஓடும் வரிகளை எழுதுகிறவன் ஆனேன். நீ இதே சானலுக்கு அடையாள அட்டை இல்லாத பகுதிநேர நிருபர் ஆனாய்.

போன ஐப்பசியில் ஒரு காலை, நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் நான்குவழிச் சாலையில் லாரி கவிழ்ந்ததை நீ படம்பிடித்து அனுப்பினாய். 'பிரத்யேகக் காட்சி' என்று ஒளிபரப்பினோம். சற்று நேரத்தில் வேறொரு சானல் நிருபர் கூப்பிட்டார். "அண்ணே, உங்க ஆளு இன்னொரு லாரியில அடிபட்டுட்டாரு. போயிட்டாருண்ணே."

செய்தி ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். "பேரு போடாதீங்க. வீட்டுக்குச் சொல்லாம பேரு போடக்கூடாது, அதான் முறை. நம்ம நிருபர்னும் வேணாம், அவருக்குக் கார்டு கெடையாதுல்ல." முறை சரியானதுதான். நம் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். 'விபத்தைப் படம்பிடித்த இளைஞர் பலி' என்று தட்டினேன். பெயரைப் போடாமல் விடுவது முறையின் ஒரு பாதி. வீட்டுக்குச் சொல்வது மறுபாதி. அதை ஆசிரியரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

பத்து நிமிடத்தில் உன் அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, எம்புட்டு நேரமா அவனுக்குப் போன் போடுறேன், எடுக்கவே மாட்டேங்கிறான். டிவில கீழ ஓடுதே, இளைஞர்னு, யாருப்பா அது?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். தட்டிய விரல்கள் இன்னும் விசைப்பலகையில்தான் இருந்தன.

"சரிப்பா. அந்தப் பிள்ள வீட்டுல சொல்லிட்டாகளான்னும் கேளு. பாவம்."

ஒரு மணி நேரம் கழித்து அவருக்குச் சொன்னது போலீஸ். மாலையில் ஆசிரியரிடம் போய், இப்போது பெயரைப் போடலாமே என்றேன். "செய்தி பழசாயிருச்சே" என்றார். நான் திரும்பி வந்து அடுத்த வரியைத் தட்டினேன்.

கரண்டியை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தினமும் யாராவது ஒரு இளைஞர், ஒரு பெண், ஒரு முதியவர் என் விரல்களைக் கடந்து போகிறார்கள். இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூப்பிட்டு யார் என்று கேட்கிறேன். வீட்டில் சொல்லிவிட்டார்களா என்றும் கேட்கிறேன். எரிச்சலோடு பதில் சொல்கிறார்கள்.

இந்த மடலை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். எழுதி முடித்து, திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். உன் பெயர் இதில் எங்குமே இல்லை. போட்டால் எந்தச் சானல் என்று தெரிந்துவிடும். நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். முதல் முறை வெட்டச் சொன்னது நீ. இரண்டாம் முறை ஆசிரியர். இந்த முறை யாரும் சொல்லவில்லை.