நிலாவின் நடுவில் இருந்த புள்ளி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம். முழங்கால் வலி அப்படியேதான், அதைத் திட்டிக்கொண்டே மாடிப்படி ஏறுகிறார். நானும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன், கை போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ வேலை மாறப்போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா, நான் முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கேன், நீங்க எங்கயோ வேடிக்கை பாக்குறீங்க, மூணு வாரமா இதே கதைதான் என்று கோபித்துக்கொண்டு போனை வைத்தாய். நீ கவனித்தது சரிதான். காரணத்தைப் போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தில் நின்று அழ ஆரம்பித்துவிடுவார், அப்புறம் அவரைத் தேற்றவே உனக்கு நேரம் சரியாகிவிடும். அதனால்தான் கடிதம். தடித்த பேனாவில் எழுதுகிறேன், எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்.

தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்தால் நடுவில் ஒரு மங்கல் புள்ளி தெரிகிறது என்று போன வருடம் உனக்குச் சொன்னேன் அல்லவா, கதை அங்கேதான் ஆரம்பம். குடிநீர் வாரியத்துப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் மைக்ரோஸ்கோப்பில் தண்ணீர் பார்த்தவள் நான். பார்வையில் புள்ளி தெரிந்தால் குற்றம் எந்தக் கண்ணாடியில் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. கண் வைக்கிற ஐபீஸை மெல்லத் திருப்பு, புள்ளியும் கூடவே சுற்றினால் அழுக்கு அதில்தான். சுற்றாவிட்டால் அடுத்த கண்ணாடி, அதுவும் இல்லையென்றால் அதற்கு அடுத்தது. அதே முறையில்தான் மொட்டைமாடியிலும் போனேன். ஐபீஸைத் திருப்பினேன், புள்ளி அசையவில்லை. நீ அனுப்பிய புது ஐபீஸை மாட்டினேன், அதிலும் அதே இடத்தில் இருந்தது. குழாயின் அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியைக் கழற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, சாப்பாட்டு மேசையில் நிறுத்திக் காயவைத்தேன். அன்றைக்கு அப்பா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார், வீட்டுக்காரனுக்கு இடமில்ல, கண்ணாடிக்கு மேசையா என்று கேட்டுக்கொண்டே. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி மாட்டிப் பார்த்தேன், அப்போதும் புள்ளி இருந்த இடத்தில் இருந்தது. பாக்கி, குழாயின் வாய்ப்பக்கம் சாய்வாக இருக்கிற சின்னக் கண்ணாடிதான். வயதானவர்களுக்குப் பிரகாசமான நிலாவைப் பார்க்கும்போது அந்தச் சின்னக் கண்ணாடியின் நிழல் நடுவில் கறுப்பாகத் தெரியலாம் என்று புத்தகத்தில் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. கண்ணாடிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க லேசர் அனுப்பினாய். சிவப்புப் புள்ளி மிகச் சரியாக நடுவில் விழுந்தது. லேசரிலேயே கோளாறு என்று சொன்னேன்.

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவள் கண்ணை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. மைக்ரோஸ்கோப் காலத்திலிருந்து எனக்கு வலது கண்தான். இடது கண்ணைச் சுருக்கினால் கன்னம் வலிக்கிறது என்று கறுப்புத் துணியில் ஒரு மறைப்புத் தைத்துக் கட்டிக்கொள்வேன், கடல் கொள்ளைக்காரி கிளம்பிட்டா என்று அப்பா கேலி செய்வாரே, அதே துணிதான். கீழே இறங்கினால் துணியை அவிழ்த்துவிடுவேன், இரண்டு கண்ணும் திறந்திருக்கும், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். அதனால் எட்டு மாதம் அந்தப் புள்ளி மாடியில் மட்டுமே இருந்தது. நான் அதைத் தொலைநோக்கியின் வியாதி என்று நினைத்தேன்.

லென்ஸ் துடைக்கிற துணி வாங்க மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எப்போதும் தமாஷ் பேசுகிறவர். என்னம்மா, உங்க பீரங்கிக்கு இன்னும் பார்வை சரியாகலையா, வந்ததுக்கு உங்க கண்ணையும் ஒரு தடவை பாத்துடுவோம் என்று உட்காரவைத்து, இடது கண்ணை அட்டையால் மறைத்து, எதிரே இருந்த எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். நடுவுல எதையோ ஒட்டி வச்சிருக்கீங்களே, எடுங்க, அப்பதானே படிக்க முடியும் என்றேன். அவர் பலகையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அட்டையை எடுத்துவிட்டு, அம்மா, கூட யாராவது வந்திருக்காங்களா என்று கேட்டார். அந்தக் குரலை அந்தக் கடையில் நான் கேட்டதில்லை.

கண் டாக்டர் உன் வயதுப் பெண். விழித்திரையின் நடுவில் புதிதாக ரத்தக் குழாய் முளைத்துக் கசிந்திருக்கிறது, அது காய்ந்து தழும்பாகிவிட்டது, வலது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள். எப்ப இருந்தும்மா தெரியுது என்று கேட்டாள். மாடியில் அந்தப் புள்ளியை வரைந்து குறித்துவைத்த நோட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மார்ச் நான்காம் தேதி நிலாவில் ஒரு சின்னப் பள்ளத்தை மறைக்கும் அளவு, மே மாதம் அதன் நான்கு மடங்கு, ஆகஸ்டில் நிலாவில் கால் பங்கு. தேதி, மணி, எந்த ஐபீஸ், எல்லாம் படத்தோடு இருக்கிறது. அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். இவ்வளவு சுத்தமா எழுதி வச்சிருக்கீங்களே, இந்த மே மாசம் வந்திருந்தீங்கன்னா என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டாள். என் வியாதியை நானே எட்டு மாதம் அளந்து எழுதியிருக்கிறேன் ராசா, பிழையில்லாமல்.

இடது கண்ணைக் காப்பாற்றலாம் என்றுதான் இருந்தோம். தினமும் பார்க்கச் சொல்லிக் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார்கள், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒன்றரை மாதத்துக்கு முன்பு அதன் நடுக்கோடுகள் வளைந்தன, மூன்று வாரமாக அங்கே கோடே இல்லை. கண்ணுக்குள் ஊசி இரண்டு முறை போட்டாயிற்று. வலி பெரிதில்லை, வெளியே உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்குத்தான் மயக்கம் வருகிறது. நேற்று டாக்டர் கண்ணை ஸ்கேன் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, கசிவு நிக்க மாட்டேங்குதும்மா என்றாள். முழு இருட்டாகாதாம், ஓரப் பார்வை மிஞ்சுமாம், நடந்து திரியலாமாம். எழுத்தும் முகமும் போய்விடும். வருடக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு என்றாள்.

நீ அனுப்பிய எதிலும் குற்றமில்லை, அதை முதலில் மனதில் வை. ஐபீஸ் நல்லது, லேசர் சொன்னது உண்மை. நம்பாதவள் நான். போன வாரம் வந்த புதுப் பெட்டியைப் பிரிக்கவில்லை, கடைக்குத் திருப்பி அனுப்ப முடியுமா என்று விசாரித்துச் சொல், இனி எதுவும் அனுப்பாதே. இத்தனை வருடம் தொலைநோக்கிப் பக்கம் எட்டிப் பார்க்காத அப்பா, முந்தாநாள் சாயங்காலம் நொண்டிக்கொண்டே குழாயைத் தூக்கி வைத்து, துடைத்து, ஒரே ஒரு தடவை பாரேன் என்றார். பார்த்தேன். நிலா ஒரு வளையல் மாதிரி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. நல்லா தெரியுதுங்க என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார், அல்லது நம்பியதுபோல் இருந்துவிட்டார். நீ அவரிடம் உடைத்துவிடாதே.

ரத்த உறவில் இது வரலாமாம். அதனால் இன்றைக்கே ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் எதையாவது வாசி, பிறகு மற்றதை மூடிக்கொண்டு வாசி. மாதம் ஒரு முறை செய், நோட்டில் எழுதுவதோடு நிற்காமல் டாக்டரிடம் போ. புது வேலையில் சேர்ந்த கையோடு லீவு கேட்டு உன் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் வருவதாக இருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, நீண்ட நாள் ஒற்றுமையாக வாழ வேண்டும். புது வேலைக்கு என் ஆசீர்வாதம். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும், உனக்கும் அது தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் தோளுக்கு மேலே இருக்கிற சுவர்க் கடிகாரத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கோபித்துக்கொண்டு வைத்துவிடாதே. உன்னைத்தான் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா