அண்ணியின் பெயரில் ஓர் ஊசி

இன்று காலை ஆஸ்பத்திரியில் என் கையில் ஸ்பிரிட் தடவிய நர்ஸ், "உங்களுக்கு எந்த ஊசியாவது ஒத்துக்காதா?" என்று கேட்டாள். அந்த வாசனையோடு அந்தக் கேள்வியையும் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள் நீ. என்னைக் கட்டிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கிய மூன்றாம் நாளே, "இங்க டாக்டர் யாருங்க? என் பேரைப் பதிஞ்சு வெச்சுடுங்க," என்றாய். அங்கே ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டதில் முகம் வீங்கி, மூச்சடைத்துப் பிழைத்தவள். புது நாட்டில் உனக்கிருந்த பயம் அது ஒன்றுதான்.

மாமல்லபுரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரும் கம்பவுண்டரும் அந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவர்கள்.

"நோட்டுல புதுசா பேர் எழுதணும்னா ஊர் மணியக்காரர் கடுதாசி வேணும். எடுத்துகினு வா," என்றார் கம்பவுண்டர்.

மணியக்காரருக்கும் எங்களுக்கும் வரப்புத் தகராறு. அவர் முன்னால் போய் நிற்க எனக்கு மனமில்லை. அண்ணியின் பெயர் ஏற்கெனவே அந்த நோட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. உன்னைக் காட்டி, "இவங்க எங்க அண்ணி," என்றேன்.

"ஊசி விஷயத்தையாவது எழுதச் சொல்லுங்க," என்று என் காதருகே சொன்னாய். அண்ணிக்கு அந்த ஊசியை இரண்டு முறை போட்டிருப்பதாக அதே பக்கத்தில் எழுதியிருந்தது. வளையல் உடையும்படி உன் கையை அழுத்தினேன். வெளியே வந்ததும், "இன்னா, ரங்கூன் மகாராணியா நீ?" என்றேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. வண்டியில் கொண்டுபோனபோது உனக்குப் பேச்சில்லை. டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "முன்னாடி பென்சிலின் போட்டிருக்காங்க. அப்ப ஒண்ணும் ஆவலியே?"

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

பொய் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். ஒருமுறை ஆனது எல்லா முறையுமா ஆகும் என்றும் நினைத்தேன்.

"ஒண்ணும் ஆவல சார்."

ஊசி போட்டுப் பத்து நிமிஷம்கூட நீ தாங்கவில்லை.

சின்ன வயசு டாக்டர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நோட்டைப் பார்த்துதாம்ப்பா போட்டேன். மன்னிச்சிடு."

"வுடுங்க சார். போனவ போயிட்டா," என்று அவரை நான் மன்னித்தேன். அடுத்த மாதமே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

என் பெருந்தன்மையை ஊரே புகழ்ந்தது. அந்தப் புகழை இன்றுவரை நான் மறுக்கவில்லை.