கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது

எண்ணூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கன்டெய்னர் யார்டில் எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றித் தர சர்வரில் ஒரு புரோகிராம் இருக்கிறது. பாஸ்வேர்டு கோப்பைத் தவிர வேறெதையும் அது தொடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை அந்தக் கட்டுப்பாடு பாஸ்வேர்டு கோப்பையே தொட விடாமல் தடுத்துவிட்டது. அன்றைக்கு எல்லோரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டிய நாள். மாற்றாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாது என்பதால், கேட்டில் ஒருவராலும் வேலையைத் தொடங்க முடியவில்லை. லாரிகள் சாலை வரை நின்றன.

கேட் சூப்பர்வைசர் ஹென்றி அண்ணன் ஓடி வந்தார். "இன்னாம்மா, ஒரே பேஜாரா கீது! அந்தக் கட்டுப்பாட்டையே நிறுத்திடேன். லாரிக்காரங்க கத்திகினு கீறாங்க."

நிறுத்துவது எளிது. ஆனால் அந்தப் புரோகிராம் வழியாக யாராவது புகுந்தால் சர்வர் முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விடும். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றேன். தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. முந்தைய நாள் கோப்பைப் பழைய நகலிலிருந்து எடுத்து வைத்தபோது, இதுதான் பாஸ்வேர்டு கோப்பு என்று கட்டுப்பாட்டுக்குக் காட்டும் அடையாளக் குறி விட்டுப்போயிருந்தது. குறியை மறுபடி வைத்ததும் லாரிகள் நகர்ந்தன. கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது.

ஹென்றி அண்ணன் டீ வாங்கி வந்து, "பயந்துகினே கரெக்டா பண்ணிட்டியேம்மா" என்று சிரித்தார்.

எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். அடுத்த முறை பேசி முடித்ததும் போனை உடனே வைத்துவிடாதீர்கள். அடுப்படியில் அப்படியே வையுங்கள், நீங்கள் வேலை செய்யும் சத்தம் கேட்கட்டும்.

கம்பெனி வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் செண்பகம்